மனச்சோர்வு மருந்தில் ஒரு வேளை தவறினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தினமும் எடுக்க வேண்டிய எந்த மருந்திலும் ஒரு வேளை தவறிப்போவது இயல்பு. மனச்சோர்வுக்கும் பதற்றக் கோளாறுக்கும் தரப்படும் மருந்துகளில் அது சற்றுக் கூடுதலாகவே நிகழ்கிறது. ஏனெனில் மறதியும் சலிப்பும் அந்த நோயின் இயல்பிலேயே இருக்கின்றன. கீழே உள்ள பதில்கள் பொதுவானவை. மருந்துச் சீட்டை எழுதிய மருத்துவர் உங்களுக்கென்று வேறு அறிவுரை கூறியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

ஒரே ஒரு வேளை மாத்திரை தவறிவிட்டது. ஆபத்தா?

பெரும்பாலான மருந்துகளில், பெரும்பாலானவர்களுக்கு, ஆபத்து இல்லை. இந்த மருந்துகளின் பலன் ஒரு நாளில் வந்ததல்ல; மூளை அந்த மருந்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ள 2 முதல் 4 வாரங்களாவது ஆகிறது. அப்படி மெதுவாக வந்த முன்னேற்றம் ஒரு வேளை தவறியதால் கலைந்துவிடாது. "இவ்வளவு நாள் போட்டதெல்லாம் வீணாகிவிட்டதா?" என்று கண் கலங்கக் கேட்பவர்கள் உண்டு, இல்லை என்பதே அதற்குத் திட்டவட்டமான பதில்.

ஆனால் நோய் திரும்புவது வேறு, உடம்பு அசௌகரியப்படுவது வேறு. சில மருந்துகள் இரத்தத்திலிருந்து வேகமாக வெளியேறுகின்றன. அவற்றில் ஒரு வேளை தவறினாலும் அன்று மாலைக்குள்ளோ மறுநாளோ தலைச்சுற்றலும் குமட்டலும் எரிச்சலும் தலைகாட்டலாம். அவை விரும்பத்தகாதவை, பெரும்பாலும் ஆபத்தானவை அல்ல.

நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாமா, அந்த வேளையை விட்டுவிட வேண்டுமா?

நாளைக்கு ஒரு முறை எடுக்கும் மருந்தானால், அதே நாளில் நினைவு வரும்போது போட்டுக்கொண்டு, மறுநாள் வழக்கமான நேரத்தில் அடுத்ததைத் தொடரலாம் என்பது பொதுவான வழிகாட்டல். அடுத்த வேளைக்கான நேரம் நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட வேண்டும். "நெருங்கிவிட்டால்" என்பதற்கு எல்லா மருந்துக்கும் பொருந்தும் ஒரே மணிக்கணக்கு இல்லை. மருந்துடன் வரும் விளக்கத் தாளில் அந்தந்த மருந்துக்கான விதி அச்சிடப்பட்டிருக்கும். சில தாள்கள் இன்னும் கண்டிப்பாக, தவறியதை விட்டுவிட்டு அடுத்த வேளையை மட்டும் எடுக்கச் சொல்கின்றன. மடித்த நிலையிலேயே குப்பைக்குப் போகும் அந்தத் தாளை ஒரு முறையாவது விரித்துப் பார்ப்பது நல்லது.

இந்தப் பொது வழிக்குள் அடங்காதவையும் உண்டு. மிர்டாஸபின் தூக்கத்தைத் தருவதால் இரவில் எடுக்கப்படுகிறது. இரவில் மறந்ததைக் காலையில் போட்டுக்கொண்டால் பகல் முழுவதும் கண் செருகிக்கொண்டே இருக்கும், வண்டி ஓட்டவும் முடியாது. எனவே அந்த வேளையை விட்டுவிட்டு அன்றிரவு வழக்கம்போல எடுப்பதே சரி. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மருந்தை இரவில் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாறாக, ஃப்ளூஆக்ஸெடின் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் மறந்ததை இரவு 10 மணிக்கு எடுத்துவிட்டு விடியும்வரை விழித்திருப்பதைவிட மறுநாள் காலைக்காகக் காத்திருக்கலாம். ஏன் காத்திருக்க முடியும் என்பது கீழே வருகிறது. புப்ரோபியான் கதை முற்றிலும் வேறு. அதில் தவறிய வேளையை விட்டுவிட வேண்டும். இரண்டு வேளைகளுக்கு இடையிலான குறைந்தபட்ச இடைவெளியைச் சுருக்கவே கூடாது.

தவறியதை ஈடுகட்ட அடுத்த வேளையில் இரண்டாகப் போட்டால் என்ன?

கூடாது. நேற்றைய மருந்தை இன்று கூடுதலாக எடுப்பதால் நேற்று ஏற்பட்ட குறை நிரம்பாது. இன்றைய அளவு மட்டும் தேவைக்கு மேல் ஏறும். குமட்டல், நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவையே அதனால் கிடைக்கும். புப்ரோபியானில் வலிப்பு வரும் வாய்ப்பு அளவோடு சேர்ந்து ஏறுகிறது. அமிட்ரிப்டிலின், இமிப்ரமின், க்ளோமிப்ரமின் ஆகியவை அளவு மீறினால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியவை. சிடலோப்ராமும் அளவு கூடக்கூட இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்கிறது. அதனாலேயே அதன் உச்ச அளவு நாளைக்கு 40 மில்லிகிராம் என்றும், 60 வயதைக் கடந்தவர்களுக்கு 20 மில்லிகிராம் என்றும் வரம்பு கட்டப்பட்டுள்ளது.

தெரியாமல் ஏற்கெனவே இரண்டு போட்டுவிட்டீர்களா? செர்ட்ராலின், எசிடலோப்ராம் போன்றவற்றில் வழக்கமான அளவு ஒரு முறை இரட்டிப்பானால் பெரும்பாலும் பெரிய கேடு நேராது. ஆனாலும் மருத்துவரையோ மருந்தாளுநரையோ தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. மேலே சொன்ன புப்ரோபியானோ பழைய வகை மருந்துகளோ ஆனால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் கேட்க வேண்டும்.

போட்டேனா இல்லையா என்றே நினைவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வெறுமையான குழிகளை விரலால் எண்ணியபடியே கேட்கிறார்கள். எண்ணிக்கை தெளிவாகச் சொன்னால் சந்தேகம் தீர்ந்தது. சொல்லவில்லை என்றால், போட்டுவிட்டதாகவே வைத்துக்கொண்டு அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். ஒரு வேளை குறைவதால் வரும் தொல்லையைவிட ஒரு வேளை கூடுவதால் வரும் தொல்லையே பொதுவாகப் பெரிது. இனி இந்தச் சந்தேகம் வராமலிருக்க, அட்டையின் பின்புறத் தாளில் ஒவ்வொரு குழிக்கு மேலும் கிழமையைப் பேனாவால் எழுதி வைக்கலாம். விலை உயர்ந்த எந்தக் கருவியையும்விட இது நன்றாக வேலை செய்கிறது.

ஒருவருக்கு ஒரே நாளில் தலை சுற்றுகிறது. இன்னொருவருக்கு மூன்று நாளானாலும் ஒன்றும் தெரிவதில்லை. ஏன்?

முதல் காரணம், அவர்கள் எடுக்கும் மருந்து. இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரைவாழ்வுக் காலம் என்கிறோம். வென்லாஃபாக்ஸினுக்கு அது ஏறத்தாழ 5 மணி நேரம். உடலில் அது மாறும் செயலூக்கப் பொருளுக்கு 11 மணி நேரம். டுலோக்ஸெடினுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம், பராக்ஸெடினுக்கு 21, செர்ட்ராலினுக்கு 26, எசிடலோப்ராமுக்கு 30 மணியை ஒட்டி, சிடலோப்ராமுக்கு 35. வோர்டியோக்ஸெடின் 66 மணி நேரம்வரை நீள்கிறது. ஃப்ளூஆக்ஸெடின் இவை எல்லாவற்றையும் விட்டு விலகி நிற்கிறது: நீண்ட நாள் எடுத்தவர்களிடம் அதன் அரைவாழ்வு 4 முதல் 6 நாள், அது உடலில் மாறி உருவாகும் நார்ஃப்ளூஆக்ஸெடினுக்குச் சராசரியாக 9 நாள்.

இந்த எண்களை ஒரு சிறு கணக்கில் வைத்துப் பார்க்கலாம். தினமும் காலை 8 மணிக்கு மாத்திரை எடுப்பவரின் இரத்தத்தில் மறுநாள் காலை 8 மணிக்குச் சற்று முன்புதான் மருந்து மிகக் குறைவாக இருக்கும். அந்தக் காலை மாத்திரையை அவர் விட்டுவிட்டால், அதற்கடுத்த காலைக்குள் அந்த அடிமட்ட அளவும் மேலும் இறங்கும். அரைவாழ்வு 24 மணி நேரமானால் அது பாதியாகும். 12 மணி நேரமானால் கால் பங்காகும். நார்ஃப்ளூஆக்ஸெடினிலோ 100-க்கு 7 பங்குதான் குறையும். ஃப்ளூஆக்ஸெடின் எடுப்பவர் தவறிய வேளையை உணராமலே கடந்துபோவதும், வென்லாஃபாக்ஸின் எடுப்பவர் மாலையிலேயே "இன்று போடவில்லையோ" என்று உடம்பு சொல்லி அறிவதும் இதனால்தான். மெதுவாகக் கரையும் வென்லாஃபாக்ஸின் மாத்திரை உடலுக்குள் மருந்தைப் பரப்பி விடுவதால் ஒரு நாளைத் தாங்குகிறதே ஒழிய, உள்ளே போன மருந்து வெளியேறும் வேகத்தை அது மாற்றுவதில்லை.

பராக்ஸெடினில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தன்னைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தானே மட்டுப்படுத்தி வைத்திருக்கும் மருந்து அது. அளவு குறையத் தொடங்கியதும் அந்தத் தடையும் தளர்வதால், எஞ்சியது இன்னும் வேகமாகச் சிதைகிறது; இறக்கம் சரிவாக இல்லாமல் செங்குத்தாகிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின், பராக்ஸெடின் எடுப்பவர்களுக்கு அவர்கள் அறியாமல் சில நாள்கள் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பராக்ஸெடின் எடுத்தவர்களிடம் இரண்டாவது வேளை தவறியதுமே அறிகுறிகள் கூடின.

மருந்தைத் தவிர, எவ்வளவு காலமாக எடுக்கிறீர்கள், எந்த அளவில் எடுக்கிறீர்கள், உங்கள் கல்லீரல் எவ்வளவு விரைவாக அதைச் சிதைக்கிறது என்பனவும் சேர்ந்துகொள்கின்றன. தொடங்கி ஒரு வாரமே ஆனவருக்குத் தவறிய வேளை பெரும்பாலும் தெரியவே தெரியாது.

என்னென்ன அறிகுறிகள் வரலாம்?

காய்ச்சல் வரப்போவது போன்ற உடம்பு வலி, வியர்வை, குளிர், தூக்கமின்மை, தூங்கினால் துல்லியமான, தொல்லை தரும் கனவுகள், குமட்டல், நடக்கும்போது தரை நழுவுவது போன்ற கிறுகிறுப்பு, கை கால்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, காரணமில்லாத எரிச்சல், பதற்றம், அழுகை. எல்லாருக்கும் எல்லாமும் வருவதில்லை.

இவற்றில் எந்த ஒன்றுக்கும் தனி முத்திரை இல்லாததால் வேறு ஏதோ என்று தப்பாக எண்ணிவிடுவது எளிது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சளி பிடிக்கப்போகிறது, இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று பல வழிகளில் தேடிய பிறகே சிலருக்கு மாத்திரை அட்டை நினைவுக்கு வருகிறது. இந்த மருந்துகளில் ஒன்றை எடுத்துவரும் ஒருவர் திடீரென்று தலை சுற்றுகிறது என்றால், கடைசி இரண்டு நாள் மாத்திரை போட்டீர்களா என்பதே அவரிடம் முதலில் கேட்கத்தக்க கேள்வி.

தலைக்குள் ஷாக் அடிப்பது போல் இருக்கிறது. அது என்ன?

அனுபவித்தவர்களுக்கு உடனே விளங்கும், மற்றவர்களுக்கு விளக்குவது கடினம். தலைக்குள் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மின்சாரம் சொடுக்கியது போன்ற அதிர்வு; சிலருக்கு அதனுடன் "ஸ்ஸ்" என்ற ஓசை; சிலருக்கு ஒரு கணம் உலகம் தடுமாறி மீண்டும் நேராவது போன்ற உணர்வு. கண்களைப் பக்கவாட்டில் திருப்பும்போது இது அதிகம் வருவதாகப் பலர் கூறுகிறார்கள். சாலையைக் கடக்க நிற்பவர் வலப்புறம் பார்த்து, இடப்புறம் பார்த்து, மறுபடி வலப்புறம் பார்ப்பதற்குள் மூன்று முறை சொடுக்கிவிடுகிறது. கழுத்தை அசைக்காமல் உடம்பையே திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

இதன் துல்லியமான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. இது மூளைக்குச் சேதம் விளைவிப்பதாகச் சான்று இல்லை. மருந்தைத் தொடர்ந்ததும் அடங்கிவிடுகிறது. ஆனால் அது அடங்கும்வரை வண்டி ஓட்டுவதையும் ஏணி ஏறுவதையும் தவிர்ப்பது புத்திசாலித்தனம். நினைவிழப்போ, கை கால் வெட்டி இழுப்பதோ இருந்தால் அது இதுவல்ல. அதற்கு மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

அறிகுறிகள் எப்போது தொடங்கி எப்போது அடங்கும்?

வேகமாக வெளியேறும் மருந்துகளில் 1 முதல் 4 நாள்களுக்குள் தொடங்குகின்றன. தவறியது ஓரிரு வேளைதான் என்றால், வழக்கமான அளவில் மீண்டும் தொடர்ந்ததும் பெரும்பாலும் 1 முதல் 3 நாள்களில் அடங்கிவிடும். சிலருக்குச் சில மணி நேரத்திலேயே. மருந்தை அறவே நிறுத்திவிட்டவர்களின் நிலை வேறு. ஒன்று இரண்டு வாரங்களில் தீர்பவர்கள் பலர், மாதக்கணக்கில் அவதிப்படுபவர்களும் உண்டு. எல்லாம் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பும் பழக்கம் நெடுங்காலம் மருத்துவத்தில் இருந்தது. அது பல நோயாளிகளைத் தங்கள் அனுபவத்தையே சந்தேகிக்க வைத்தது. இப்போது மெல்ல மாறிவருகிறது. பிரிட்டனின் மனநல மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் 2020இல், மருந்தை நிறுத்துவது பற்றி நோயாளிகளுக்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டது அந்த மாற்றத்தின் ஓர் அடையாளம்.

பழைய நோய் திரும்பிவிட்டதா, மாத்திரை தவறியதன் விளைவா? எப்படிப் பிரித்தறிவது?

இது முக்கியமான கேள்வி. பலர் கேட்காமலே விட்டுவிடும் கேள்வியும்கூட. மூன்று வேளை தவறியவர் நான்காம் நாள் எரிச்சலும் அழுகையுமாக எழுந்து, "மாத்திரை இல்லாமல் நான் இல்லை" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார். அது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம்.

காலத்தைப் பாருங்கள். மருந்து தவறியதன் விளைவுகள் நாள்கணக்கில் வருகின்றன. மனச்சோர்வு திரும்புவது பெரும்பாலும் வாரங்களிலும் மாதங்களிலும், படிப்படியாக. உடம்பைப் பாருங்கள். ஷாக் அடிப்பது போன்ற உணர்வும், தரை நழுவும் கிறுகிறுப்பும், ஊசி குத்தலும் மனச்சோர்வின் வழக்கமான அறிகுறிகள் அல்ல. உங்கள் பழைய நோய் எந்த முகத்தோடு வந்தது என்பது உங்களுக்குத் தெரியும், இது அந்த முகம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக, மருந்தைத் தொடர்ந்ததும் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஓரிரு நாளில் தெளிந்தால் அது மருந்து தவறியதன் விளைவே. திரும்பிவந்த மனச்சோர்வு அவ்வளவு விரைவாக மருந்துக்குப் பணிவதில்லை. இரண்டும் கலந்து வருவதும் உண்டு. அப்போது நாள் வாரியாக எழுதிவைத்த சிறு குறிப்பு மருத்துவருக்குப் பெரிய உதவி.

அப்படியானால் இந்த மருந்துக்கு நான் அடிமையாகிவிட்டேனா?

இல்லை. அடிமைத்தனம் என்றால் ஏக்கம், மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போகும் அளவு, கேடு என்று தெரிந்தும் தேடிப் போவது. இந்த மருந்துகளில் அவை இல்லை. ஏங்கிப் போடுபவர்களைவிட மறந்துபோகிறவர்களே அதிகம் என்பதே அதற்குப் போதுமான சாட்சி. ஆனால் உடல் இந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது. பழகியதைத் திடீரென எடுத்தால் உடல் முறையிடுகிறது. இதை ஒப்புக்கொள்வதால் மருந்தின் மதிப்பு குறைந்துவிடாது. இமிப்ரமினை நிறுத்தியவர்களிடம் இத்தகைய அறிகுறிகள் தென்பட்டது 1959இலேயே பதிவாகிவிட்டது. ஆக, இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல, நோயாளிகளின் கற்பனையும் அல்ல.

எத்தனை பேருக்கு இது நேர்கிறது?

மருந்தை நிறுத்தியவர்களைப் பற்றிய 79 ஆய்வுகளைத் திரட்டிய ஒரு பகுப்பாய்வு 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியானது. உண்மையான மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் அறிகுறியைக் கூறினார்கள். வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினர் கூறினார்கள். வேறுபாட்டைக் கணக்கிட்டால், மருந்தாலேயே அறிகுறி வருவது ஏறத்தாழ 6 அல்லது 7 பேரில் ஒருவருக்கு. கடுமையான அறிகுறிகள் ஏறத்தாழ 35 பேரில் ஒருவருக்கு. இவை ஒரு வேளை தவறியவர்களின் கணக்கு அல்ல, நிறுத்தியவர்களின் கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் சேர்க்கப்பட்ட ஆய்வுகள் பல குறுகிய கால மருந்துப் பயன்பாட்டை ஒட்டியவை என்பதால், ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு எண்ணிக்கை கூடலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு.

ஒரு வேளை அல்ல, ஒரு வாரமே விட்டுப்போய்விட்டது. பழைய அளவிலேயே தொடங்கலாமா?

ஓரிரு நாளானால் பொதுவாகத் தொடரலாம். அதற்கு மேல் போனால் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். உயர்ந்த அளவில் எடுத்துவந்தவர்களின் உடல் அந்த இடைவெளியில் பழக்கத்தை இழந்திருக்கும். ஒரேயடியாகப் பழைய அளவைக் கொடுத்தால், முதன்முதலில் தொடங்கியபோது வந்த குமட்டலும் மயக்கமும் படபடப்பும் மொத்தமாகத் திரும்பலாம். அமிட்ரிப்டிலின் வகை மருந்துகளில் இந்த எச்சரிக்கை இன்னும் அழுத்தமானது. மனச்சோர்வு மருந்தோடு, வலிப்புக்கும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்கும் தரப்படும் லாமோட்ரிஜினும் சேர்த்து எடுப்பவர்கள் சில நாள் இடைவெளி விழுந்துவிட்டால் அதைத் தாமாகப் பழைய அளவில் தொடங்கவே கூடாது. கடுமையான தோல் எதிர்வினையைத் தவிர்க்க, அதை மிகக் குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கும்.

மருத்துவரிடம் ஒரு வாரம் விட்டுவிட்டேன் என்று சொல்லத் தயங்குகிறவர்கள் நிறைய. சொல்லாமல் விட்டால், மருந்து பலன் தரவில்லை என்று அவர் அளவைக் கூட்டிவிட வாய்ப்பு உண்டு.

மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டேன். மறுபடி போடலாமா?

வாந்தியில் மாத்திரை முழுதாகத் தெரிந்தாலன்றி மறுபடி போட வேண்டாம். எவ்வளவு உள்ளே போனது என்பது தெரியாதபோது அடுத்த வேளைவரை காத்திருப்பதே பாதுகாப்பு. வாந்தி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

மது அருந்தப்போகும் நாளில், அல்லது பாலியல் விருப்பம் குறைவதைத் தவிர்க்க, வேண்டுமென்றே ஒரு வேளையை விடலாமா?

மதுவுக்காக விடுவதில் அர்த்தமே இல்லை. ஒரு வேளையை விட்டதால் மருந்து உடலை விட்டுப் போய்விடாது. மதுவோடு கலக்கத்தான் போகிறது. மறுநாள் காலையில் மருந்து இறங்கிய தொல்லையும் மது இறங்கிய தொல்லையும் சேர்ந்தே எழுப்பும். மேலும், மதுவே மனச்சோர்வை ஆழப்படுத்தக்கூடியது.

பாலியல் பக்கவிளைவுக்காக வார இறுதியில் மருந்தை நிறுத்திப் பார்க்கும் முறை 1990களில் ஆராயப்பட்டது உண்மை. செர்ட்ராலின், பராக்ஸெடின் எடுத்தவர்களில் சிலருக்கு அது உதவியது; மெதுவாக வெளியேறும் ஃப்ளூஆக்ஸெடினில் எதிர்பார்த்தபடியே உதவவில்லை. ஆனால் வாரந்தோறும் உடலை இறக்கி ஏற்றுவதற்கு விலை இருக்கிறது, அதோடு "இரண்டு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது" என்ற எண்ணம் மெல்ல ஐந்து நாளுக்கு நீள்கிறது. அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, வேறொன்றைச் சேர்ப்பது என்று மருத்துவரிடம் வேறு வழிகள் உள்ளன. கூச்சத்தால் கேட்காமல் இருப்பதே இங்கே உண்மையான தடை.

ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து மெதுவாக நிறுத்திவிடலாமே?

பார்க்க நியாயமாகத் தோன்றும் இந்த வழி, ஃப்ளூஆக்ஸெடின் தவிர்ந்த மருந்துகளில் ஒரு வேளையைத் தவறவிட்டுத் தவறவிட்டுப் பிடிப்பதற்கு ஒப்பானது. மாறாக, தினமும் எடுத்துக்கொண்டே அளவை மட்டும் குறைத்துவருவது சீரானது.

அந்தக் குறைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தை இம்மருந்துகள் அடைத்து வைக்கின்றன. சிடலோப்ராம் 20 மில்லிகிராமில் அந்தப் புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு அடைபடுகிறது. அளவை 40 ஆக்கினாலும் 86 விழுக்காட்டைத்தான் எட்டுகிறது. திருப்பிப் பார்த்தால், 40இலிருந்து 20க்கு இறங்குவது மூளைக்குச் சிறு படி; கடைசி 5 மில்லிகிராமிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதுதான் பெரும்பள்ளம். எனவே முடிவை நெருங்க நெருங்கக் குறைப்பு மேலும் சிறிதாக வேண்டும் என்று 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான ஒரு கட்டுரை வாதிட்டது. அதன் பிறகு வந்த வழிகாட்டிகள் பலவும் அதை ஏற்றுள்ளன. அவ்வளவு சிறிய அளவுகளுக்குத் திரவ வடிவ மருந்து தேவைப்படலாம். மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைத்தோ நசுக்கியோ அளவைக் குறைக்க முயல வேண்டாம்; நாள் முழுவதும் வெளிவர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் வெளிவந்துவிடும்.

நான் எடுப்பது மோனோஅமின் ஆக்ஸிடேஸ் தடுப்பான் வகை. ஒரு நாள் தவறியதால் அன்று உணவுக் கட்டுப்பாடு வேண்டாமா?

வேண்டும், கட்டாயம். இந்த வகையைச் சேர்ந்த ஃபெனல்ஸின், ட்ரனில்சிப்ரமின் ஆகியவை மோனோஅமின் ஆக்ஸிடேஸ் என்ற நொதியை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கின்றன. உடல் புதிய நொதியைப் போதிய அளவு உருவாக்க ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும். மருந்து இரத்தத்தில் இல்லாத அன்றும் நாள்பட்ட பாலாடைக்கட்டியோ நொதிக்க வைத்த உணவோ இரத்த அழுத்தத்தை அபாயகரமாக ஏற்றலாம்.

கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் மாத்திரையை விட்டுவிட்டேன். சரிதானா?

பயம் புரிந்துகொள்ளத்தக்கது, ஆனால் தானாக நிறுத்துவது சரியல்ல. கவனிக்கப்படாத மனச்சோர்வு தாய்க்கும் குழந்தைக்கும் தீங்கு செய்யக்கூடியது. எந்த மருந்து, எத்தனையாவது வாரம், முன்பு நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை வைத்து மருத்துவர்தான் எடைபோட வேண்டும். அந்தச் சந்திப்பு கிடைக்க நாளாகும் என்றால், அதுவரை என்ன செய்வது என்பதைத் தொலைபேசியிலாவது அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நிலையில் காத்திருக்காமல் உதவி தேட வேண்டும்?

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அது மருந்து தவறியதாலா நோயாலா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். உடனே அருகில் இருப்பவரிடம் சொல்லி அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். தூக்கமே தேவைப்படாத அளவுக்கு உற்சாகமும் கட்டுக்கடங்காத பேச்சும் செலவும் தொடங்கினால் அதுவும் அவசரமே. அரிதாக, மருந்தைத் திடீரென நிறுத்திய பிறகு அப்படி நேர்வதுண்டு. ஈடுகட்டுவதற்காகக் கூடுதலாகப் போட்ட பிறகு காய்ச்சல், கடும் நடுக்கம், தசை விறைப்பு, வயிற்றுப்போக்கு, குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால் செரோடோனின் அளவு மீறியிருக்கலாம். டிராமடால் போன்ற வலி மருந்தும் சேர்த்து எடுப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல்.

அடிக்கடி மறந்துபோகிறது. என்ன வழி?

பல் துலக்குவது போன்ற, தவறவே தவறாத ஒரு செயலோடு மாத்திரையை இணையுங்கள். கைபேசி அலாரத்தை வைப்பவர்கள், மாத்திரை அருகில் இருக்கும் நேரத்துக்கு வைக்க வேண்டும். பேருந்தில் இருக்கும்போது அடிக்கும் அலாரம் அணைக்கப்படுவதற்கே பயன்படுகிறது. பயணப் பையில் இரண்டு நாளுக்கான மாத்திரை எப்போதும் இருக்கட்டும். மருந்து தீர 7 நாள் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். மறதியால் மட்டுமல்ல, தீர்ந்துபோனதாலும் பலருக்கு வேளை தவறுகிறது.

இவ்வளவும் செய்தும் வாரத்துக்கு இரண்டு முறை தவறினால், மறதி அல்லாத ஒன்று அங்கே இருக்கலாம். மாத்திரை போட்டால் மந்தமாகிறது, எடை கூடுகிறது, வீட்டில் யாரோ ஏதோ சொல்கிறார்கள், அல்லது குணமாகிவிட்டதாகவே தோன்றுகிறது. அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால் அவர் மருந்தையே மாற்றலாம். தவறிய வேளையைப் பொறுத்துக்கொள்ளும், மெதுவாக வெளியேறும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் அதில் அடங்கும்.

காலையில் எடுப்பதை இரவுக்கு மாற்ற விரும்புகிறேன். நடுவில் ஒரு வேளை தவறியதாக ஆகுமா?

ஒரு முறை மட்டும் இடைவெளி 24 மணி நேரத்திலிருந்து 36 மணி நேரமாக நீளும். செர்ட்ராலின், எசிடலோப்ராம் ஆகியவற்றில் பலருக்கு இது தெரிவதில்லை. வென்லாஃபாக்ஸின், பராக்ஸெடின் எடுப்பவர்கள் நாளுக்கு 2 அல்லது 3 மணி நேரமாகத் தள்ளிக்கொண்டே போய் நான்கு முதல் ஆறு நாளில் இரவை எட்டலாம். புப்ரோபியான் தூக்கத்தைக் கெடுப்பதால் அதை இரவுக்கு மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.